உள்ளே இருப்பவர்

காலையில் பாசிக்கூழைக் குடித்துவிட்டு, தாம் இட்லி சாப்பிடுவதைச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தார் வேதரத்தினம். செவ்வாய்க் குவிமாடத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பூமியில் உறவினர் குழுக்களுக்கு நல்ல படங்களை மட்டும் பொறுக்கி அனுப்பிய பழக்கம், இங்கே குலத்திரையாக வளர்ந்திருந்தது. வீட்டில் நடப்பதை அது படம்பிடிக்கும். கௌரவத்துக்கு ஒவ்வாததைத் திருத்தும். பிறகே சொந்தபந்தங்களின் சுவர்களுக்கு அனுப்பும். கதவுகள்கூட அதைத்தான் நம்பும்.

மகள் தமயந்தி, சுரங்கத்தில் காற்றுக்குழாய் துடைப்பவனைக் கட்டிக்கொண்டபோது, தலைமுழுகத் தண்ணீர் ஏது? வேதரத்தினம் திரைமுன் நிமிர்ந்து நின்று, "எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல" என்றார். மறுநாளே சுவரில் ஒரு தமயந்தி, நீதிபதி மகனுக்கு மாலையிட்டாள். பந்தி பிரமாதம் என்றார்கள் உறவினர்கள்.

சுரங்கத்தாரிடம் ஓட்டை அலை என்று ஒன்று இருந்தது. பேச்சும் படமும் இரைச்சலோடு வரும், எதையும் திருத்தாது. மானமுள்ள வீடுகளில் அதன் பெயரைச் சொல்வதில்லை. மனைவி சௌந்தரம் மட்டும் ஒரு கருவியைக் காலி அரிசி டின்னில் ஒளித்துவைத்துக் கேட்டுவந்தாள். ஒருநாள் அதில் மகள் பேசினாள். சௌந்தரம் கருவியைக் கணவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, பேரன் பொறந்திருக்கான். மூக்கு, வீம்பு ரெண்டும் உங்களுதுதான். இந்தத் தூசியில மூச்சு இழுக்குதுப்பா. தாத்தா தன் வீட்டுக் கதவுல பேர் சொல்லிக் கூட்டிட்டுப் போனாத்தான் குவிமாடத்துல தங்க விடுவாங்களாம்."

"நீங்க உங்க சுவரைப் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுச் சௌந்தரம் சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டாள். ஆனால் சுவரில் அவள் வழக்கம்போல் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு, அங்கிருந்த வேதரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டார். இவர் கையில் காப்பி இல்லை. எழுந்து போனார்.

சுரங்கத்தில் குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதை எவனோ ஓட்டை அலைக்குப் படம்பிடித்தான், அவர் தடுக்கவில்லை. சௌந்தரம் சாமான்களோடு பின்னால் வர, மகளையும் பேரனையும் கையோடு அழைத்துவந்து, தம் வீட்டுக் கதவைத் தொட்டார்.

"வேதரத்தினம் ஐயா உள்ளே இருக்கிறார். நீங்கள் யார்?" என்றது கதவு.

நான்தான் என்று சொன்னால் போதும். கதவு இவரையும் சுவரில் இருப்பவரையும் ஒப்பிட்டுப் பார்த்து இவரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த ஒப்பீடு எல்லா உறவினர் சுவரிலும் ஓடும்.

கண்ணாடி வழியே பார்த்தார். ஆளில்லாத கூடம். சுவரில் மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறவினர் முகங்கள்.

"மாமா, நீங்க சுரங்கத்துல இருந்ததா ஓட்டை அலையில காட்டுறானே?" என்று கேட்டது ஒரு முகம்.

"எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல" என்றார் சுவரில் இருந்தவர்.

"மானஸ்தர்யா" என்றார் ஒருவர். மற்றவர்கள் கைகூப்பினார்கள். வெளியே நின்ற வேதரத்தினத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் குழந்தை இருமியது.

"நீங்கள் யார்?" கதவு மறுபடி கேட்டது.

"யாருமில்ல. வீடு மாறி வந்துட்டேன்" என்றார்.