குளிர் அறையின் தண்ணீர்

பொன்னேரியில் பஸ் மாறி, வாப்பாவுடன் நான் பழவேற்காட்டில் இறங்கியபோது உச்சிவெயில். தெரு முழுக்கக் கருவாட்டு வாடை. வாப்பா வாசலிலேயே நின்று பேசிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊத்துக்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். நான் என் துணிப்பையுடன் அக்கா வாழ்க்கைப்பட்ட அந்தப் பெரிய வீட்டுக்குள் போனேன்.

என் அக்கா ஜெய்னம்பு, கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தாள். அவள் கணவர் ஹனீப் மச்சான் கார்த்திகைப் புயலில் படகோடு ஏரியில் போனவர். கூடப் போன பூவராகவன் மட்டும் நீந்திக் கரையேறி, மச்சான் மூழ்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். எத்தனையோ வலை போட்டும் உடல் கிடைக்கவில்லை. அக்கா கர்ப்பமாக இருந்ததால் பிள்ளை பிறக்கும்வரை இத்தா. அதுவரை அந்நிய ஆண் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. அவளுக்குத் துணையாகத்தான் என்னை அனுப்பினார்கள்.

அறைக்கதவைத் திறந்ததும் முதலில் குளிர் என் பாதங்களில் பட்டது.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பகல் என்றே தெரியவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரைத் துளைத்து வைத்த ஒரு இரும்புப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. போன கோடையில் அக்கா வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தபோது, மதராஸில் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு துரையின் பங்களாவிலிருந்து மச்சான் வாங்கி வந்த குளிர் மிஷின். படுக்கையறைக்குள் வேற்று ஆள் வரக்கூடாது என்று, தன் கையாலேயே செங்கல்லைப் பெயர்த்து அதைப் பொருத்தியிருந்தார்.

"வந்துட்டியா ஊமக்கொட்டான்?" என்றாள் அக்கா, இருட்டிலிருந்து. "வாயத் தொறந்து பேசுவியா, இல்ல இங்கயும் தலய ஆட்டிக்கினே இருப்பியா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு மட்டும்தான் பழையதாக இருந்தது. கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் பெரிதாக, உதடு வெடித்திருந்தாள்.

மிஷினுக்குக் கீழே சுவர் ஊறிக் கருத்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சு வயிறு மாதிரி புடைத்திருந்தது. கட்டில் தலைமாட்டில் ஒரு அலுமினியக் குண்டான். அதில் சொட்டு, சொட்டு, சொட்டு.

"எப்பலருந்து மாமி இப்டி ஒழுவுது?" என்று சமையல்கட்டில் அக்காவின் மாமியார் கமர் நிஷாவிடம் கேட்டேன்.

"அது பேஜாரு புடிச்ச மிஷினு. அவன் போனதுலருந்து ஒழுவிக்கினே கீது. மெக்கானிக்க இட்டாந்தா எப்டி உள்ள உடறது? இத்தாவுல கீற பொண்ணு ரூம்புல?"

"நிறுத்திட வேண்டிதான?"

"நிறுத்துனா உங்கக்கா சோறு துன்ன மாட்றா. நானும் இன்னாதான் பண்ணுவேன், சொல்லு."

பகல் தொழுகை முடிந்து வீடே தூங்கியது. நான் அக்காவின் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தேன். குளிரில் பற்கள் தந்தியடித்தன.

சொட்டும் சத்தம் நின்றது.

பிறகு வேறொரு சத்தம். நனைந்த கைலியை யாரோ முறுக்கிப் பிழிவது போல. குண்டானில் ஒரே தாரையாகத் தண்ணீர் விழுந்தது. அறையில் சேற்று நாற்றம் எழுந்தது.

கண்ணைத் திறந்தேன். அக்கா கட்டிலில் மண்டியிட்டு, மிஷினுக்குக் கீழே இரண்டு கையையும் குவித்துப் பிடித்திருந்தாள்.

குடித்தாள்.

"அக்கா! பானையில நல்ல தண்ணி கீதே!"

"இதான் நல்லாக்கீது" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் குண்டானை முற்றத்தில் கொட்டும்போது விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. எங்கள் ஊர்க் கிணற்றுச் சவர் இல்லை. கடல் வந்து புகும் ஏரியின் உப்பு. சேறும் மீனும் கலந்த உப்பு. அதையா இவள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு குடிக்கிறாள்? இன்னும் எத்தனை நாள் தாங்குவாள்?

மறுநாள் சுவர்ப்பூச்சு ஒரு கைமுறம் அளவுக்குப் பெயர்ந்து அக்காவின் தலையணை மேல் விழுந்தது. அதன் பிறகுதான் மாமி இறங்கி வந்தாள். ராயபுரத்திலிருந்து மெக்கானிக் ஜோசப் வந்தார். வந்தவர் கூடத்தோடு சரி. அறை வாசலில் திரை. திரைக்கு உள்ளே அறைப்பக்கம் நான், திரையோரம் மாமி. அவர் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு வேற்று ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லை. நான் மாமியின் காதில் சொல்வேன், மாமி அவரிடம் சொல்வாள்.

"ஒண்ணியும் பயப்பட வாணாம்" என்றார் ஜோசப். "காத்துல கீற ஈரம்தான் குளிர் பட்டுத் தண்ணியாவுது. மிஷின கொஞ்சம் வெளிப்பக்கம் சாச்சு வெச்சா தெருவுல ஓடிடும். இது உள்பக்கம் சாஞ்சிக்கினு இருக்கும். எவன் வெச்சான் இத்த?"



"என் புள்ள" என்றாள் மாமி.

ஜோசப் தொண்டையைச் செருமினார். நான் மாமியின் காதில் சொன்னேன்.

"தண்ணி உப்புக் கரிக்குதாம்" என்றாள் மாமி.

"உப்பா? இருக்காதே. காத்துலருந்து வர்ற தண்ணியில உப்பு ஏது? மோட்டாரு பாட்டரிக்கே ஊத்தலாம். பாப்பா நாக்குல இன்னா கோளாறோ."

அவர் தெருப்பக்கம் போய் மிஷினின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின்னாடி ஒரு பொட்டு ஈரமில்ல. தண்ணி போற ஓட்டை அடச்சிக்கினு கீது, அதான் மொத்தமும் செவுத்துக்குள்ள எறங்குது. மொதல்ல கரண்ட்ட புடுங்கச் சொல்லுங்க. அப்புறம் அடித்தட்டுல ஓரமா ஒரு ஓட்டை இருக்கும். ஈர்க்குச்சி உட்டுக் குத்தட்டும்."

நான் பிளக்கில் கை வைத்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்தாள்.

"வாணாம்டி" என்று கிசுகிசுத்தாள். "இப்பத்தான் கிட்ட வந்துக்கினு கீறாரு."

பிடுங்கினேன். உறுமல் நின்றது. அந்த அறையில் அத்தனை நிசப்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சொட்டு மட்டும் நிற்கவில்லை.

முன்னைவிட வேகமாக விழுந்தது.

கட்டில்மேல் ஏறி, துளையைத் தடவிக் கண்டுபிடித்து ஈர்க்குச்சியைச் செருகினேன். மெத்தென்று எதிலோ பட்டது. குத்தினேன். இழுக்கப் பார்த்தேன். வரவில்லை.

குச்சியை உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். குச்சியோடு பச்சைப் பாசி வந்தது. முழம் முழமாக, தலைமுடி போல. அதில் சிக்கி ஒரு சின்ன இறால். உயிரோடு துடித்தது.

நான் கீழே விழுந்தேன். மிஷினின் அடியிலிருந்து தரைவரை சுவரில் ஒரு கோடு ஓடியது. கோட்டிலிருந்து மணலும் தண்ணீரும் கொட்டின. அக்கா ஓடவில்லை. சுவரில் கன்னத்தை ஒட்டி, ஒரு கையை விரிசலுக்குள் விட்டிருந்தாள்.

"இதோ கீறேன்" என்றாள் சுவரிடம். "இங்கதான் கீறேன்."

"அக்கா, வந்துடுக்கா!"

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அவள் கை விரிசலுக்குள் இன்னும் கொஞ்சம் போனது. முழங்கைவரை போனது. அவள் விடவில்லையா, அவளை விடவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சுவரின் மேல்பகுதி மெல்ல எங்கள் பக்கம் சாய்ந்தது.

"அண்ணே!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உள்ள வாங்கண்ணே!"

"அல்லாவே! இத்தாவுல கீறவள..." என்று மாமி அலறினாள்.

"அம்மா சொல்லாம எப்டி உள்ள வர்றது..." என்றார் ஜோசப், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"மாமி பேச்ச கேக்காதீங்க! செவுரு வருது!"

திரை விலகியது. ஜோசப் கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி நுழைந்தார். "எங்க கீறாங்க, சொல்லு பாப்பா."

அவர் கையை எடுத்து விரிசலில், அக்காவின் முழங்கையில் வைத்தேன். அவர் பிடித்து இழுத்தார். நான் இடுப்பை இழுத்தேன். பின்னாலிருந்து இன்னொரு கை என்னைச் சுற்றி வந்தது. மாமி. எல்லாரும் சேர்ந்து இழுத்ததில் கூடத்தில் போய் விழுந்தோம்.

சுவர் கட்டில்மேல் விழுந்தது.

தூசி அடங்கியபோது கட்டில் இருந்த இடம் செங்கல் குவியலாகக் கிடந்தது. நடுவில் மிஷின் நசுங்கிக் கிடந்தது. சுவர் இருந்த இடத்தில் வெயில். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மாமி தன் முக்காட்டை அவிழ்த்து அக்காவை மூடினாள்.

"ஈரம் செவுர அரிச்சிடுச்சு" என்றார் ஜோசப், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "வேற ஒண்ணியும் இல்ல. பழைய சுண்ணாம்புக் கட்டடம், அதான்."

சொல்லிக்கொண்டே தன் மணிக்கட்டைத் தேய்த்தார். தேய்த்த கை நின்றது. அதில் நீலமாக நான்கு விரல் தடம். என் விரலைவிட, அக்காவின் விரலைவிடப் பெரிய தடம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுந்து போனார். கருவிப் பையைக்கூட எடுக்கவில்லை.

அந்த வீட்டில் இனி குடியிருக்க முடியாது என்பதால் வாப்பா வண்டி வைத்து அக்காவை ஊத்துக்கோட்டைக்கு அழைத்து வந்தார். எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது, மிஷின் கிடையாது. ஏரி எங்கேயோ கிழக்கே. அக்கா கிணற்றுத் தண்ணீர் குடித்தாள், சோறு சாப்பிட்டாள். உதட்டு வெடிப்பு ஆறியது. வைகாசியில் ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம். இத்தா முடிந்தது. உம்மா ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

ஒன்றே ஒன்றுதான். அக்கா பாயில் ஒரு ஓரமாகவே படுக்கிறாள். நடுவில் பிள்ளை. மறு ஓரம் காலி. அங்கே யாரையும் படுக்க விடுவதில்லை.

நேற்றுப் பகலில் அவள் அசந்து தூங்கினாள். பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கலாம் என்று போனேன். வெளியே அனல் பறந்தது. அந்தக் காலி ஓரத்தில் பாய் நனைந்திருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு. பிள்ளை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண் விழித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதன் பிஞ்சு விரல்கள் எதையோ பற்றியிருந்தன. ஆனால் முழுதாக மூடவில்லை. நடுவில், ஒரு ஆணின் விரல் பருமனுக்கு, இடம் இருந்தது.