மிக்கேலின் இடது பாதம்

துடைத்துக்கொண்டிருந்த துணி, மிக்கேல் சம்மனசின் இடது பாதத்துக்கும் அவர் மிதித்திருந்த பசாசின் பிடரிக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு புகுந்து மறுபக்கம் வந்தது. பெர்பெத்துவாவின் கை நின்றது. நாற்பது வருடமாக அந்த இடத்தில் ஒரு நூலைக்கூட அவளால் நுழைக்க முடிந்ததில்லை.

வானதூதர் மிக்கேலின் ஆளுயர மரச்சுரூபம், தலைமுறைகளாக அவர்கள் வீட்டுப் பொறுப்பில் இருப்பது. திருநாளன்று மதியம் சிவப்புத் திரைக்குள் வீட்டின் மூத்த பெண் மட்டும் தனியாக நின்று உடை மாற்ற வேண்டும். உடையில்லாத சம்மனசை வேறு யாரும் பார்க்கக் கூடாது. மாற்றி முடித்ததும் சப்பரம் புறப்படும். கறுப்பு வண்ணம் பூசிய பசாசு வேறு மரம், மிக்கேல் வேறு மரம். வெள்ளிக் காலணி போட்ட குதிகாலில் ஒரு துளை, பிடரியில் ஒரு துளை, இரண்டையும் இணைக்க ஒரு மரமுளை. மழைக்காலத்தில் முளை ஈரம் குடித்து உப்பும், துளையை விட்டு நெம்பி எழும், கூடவே காலும் எழும். வெயில் அடித்தால் தானே இறங்கிவிடும். இப்படித் தனக்கே பொறுமையாக விளக்கிக்கொண்டு, பெர்பெத்துவா பட்டு மேலங்கியைக் கழற்றினாள்.

சங்கிலி பிடித்திருக்க வேண்டிய மிக்கேலின் கை பசாசின் தலைமுடிக்குள் இருந்தது. எப்போதும் தரையைப் பார்த்திருக்கும் பசாசின் முகம் மேல்நோக்கித் திரும்பியிருந்தது.

மழை அதைச் செய்யாது.

"அக்கா!" திரைக்கு வெளியே சித்தப்பா மகள் பாசிங். "சட்டை மாத்துறீங்களா, மிக்கேலுக்குக் கல்யாணமே பண்ணி வைக்கிறீங்களா? வாத்தியக்காரங்க பிபிங்கா அப்பத்த மொத்தமா முழுங்கிட்டாங்க!"

"வாய மூடுடி. பத்து நிமிஷம்."

அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். தாளிடாத கதவைத் தள்ளி, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவளின் வெட்கம். சம்பகீத்தாப் பூமாலைகளின் மணத்துக்கும் நனைந்த மரத்தின் வாடைக்கும் அடியிலிருந்து வெதுவெதுப்பான வியர்வை வாசம் கிளம்பி வந்தது. அந்த வாசம் அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் நெல் கிடங்கின் கதவைத் திறந்தபோது வந்த வாசம். உள்ளே தங்கை அசுந்தாவும் ஊரே வெறுத்த சேவற்சண்டைக்காரனும். அசுந்தா கத்தவில்லை. "அக்கா, கதவ மட்டும் சாத்திட்டுப் போயேன்," என்றாள். பெர்பெத்துவா கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். தெருவே வந்து பார்த்தது. அப்பா அசுந்தாவைக் கன்னியர் மடத்தில் விட்டார். இரண்டு வருடத்தில் சவப்பெட்டியில் திரும்பி வந்தாள்.

இன்றும் ஊர் பார்க்கும். அந்த வீடுதானே என்று சொல்லும்.

சப்பரக்காரர்களின் பெட்டியிலிருந்து சுத்தியலையும் நான்கு விரல் நீள ஆணியையும் எடுத்தாள். காலைப் பிடரியோடு சேர்த்து அறைந்துவிட, குதிகாலின் பழைய துளைக்குள் ஆணியை வைத்தாள். பாதம் சூடாக இருந்தது. அதற்குள் நாடி துடித்தது.

"மன்னிச்சிடுங்க," என்று முணுமுணுத்தாள். யாரிடம் என்று தெரியவில்லை.

முதல் அடி. கூரையில் மழைச் சத்தம் நின்றது.

இரண்டாவது அடி. முனகல். பசாசு அல்ல. மேலிருந்து வந்தது. பெண் குரலா, ஆண் குரலா? அசுந்தாவின் குரலா?

"அக்கா, என்ன சத்தம்?"

மூன்றாவது அடி. அவளுடைய பிடரியில் வலித்தது.

சுத்தியல் விழுந்தது. தொட்டுப் பார்க்கக் கையை உயர்த்தினாள். கை உயரவில்லை. முழங்கால் மடங்கியது. பிறகு இடுப்பு. கன்னத்தில் பீடத்தின் மரம் உரசியது. பிடரியில் ஏதோ வந்து அமர்ந்தது. வெள்ளி. குளிர்ச்சி. அசைக்க முடியாத கனம்.

மேலே இரண்டு மூச்சுகள். மெதுவாக. ஒன்றுக்குள் ஒன்றாக.

கழற்றிப் போட்ட பட்டு மேலங்கியைப் பார்த்தாள். தன் தோளைப் பார்த்தாள். அதன்மேல் துணி இல்லை. தோலும் இல்லை. கறுப்பு வண்ணம் பூசிய மரம், வெடிப்புகளோடு.

வெளியே தாரை முழங்கியது. ஊர் முழுவதும் கூடியிருந்தது. "நேரமாச்சுக்கா. திறக்கட்டுமா?"

வேண்டாமடி. திரைய மட்டும் மூடியே வை, பாசிங். மூடியே வை.

செதுக்கிய வாய் திறக்கவில்லை.

திரையின் பித்தளை வளையங்கள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.