வெளிப்பக்கம் திறக்கும் எட்டுக் கதவுகள்

“யாரைக் கேட்டு இதத் தொட்டீக?”

மழையில் நனைந்தபடி வெல்டிங் பட்டறை வாசலில் நின்ற வீரலட்சுமியின் கண்கள்... அப்பப்பா! ஏற்கெனவே பெரிய கண்கள், கோபத்தில் இன்னும் பெரிதாகிவிட்டன. சுந்தரபாண்டி கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டான்.

காலையில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். அவள் லோடு ஆட்டோவில் கொண்டுபோன சிற்பம், அவன் பட்டறைக்கு எதிரே வேகத்தடையில் ஏறி இறங்கியதில் அடிச்சட்டம் விட்டுப்போயிற்று. இடித்த வீடுகளின் ஜன்னல் கம்பி, அச்சகம் கழித்த அலுமினியத் தகடு, பழைய பஸ்ஸின் தகரம்... எல்லாம் சேர்த்து ஆள் உயரத்துக்கு ஒரு கட்டடம். பக்கத்துக்கு இரண்டாக எட்டுக் கதவு. அடியை மட்டும் ஒட்டச் சொல்லிவிட்டு, பெயிண்ட் வாங்கப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டாள்.

வந்து பார்த்தால்... எட்டுக் கதவையும் உள்பக்கம் திறக்கும்படி மாற்றி வைத்திருக்கிறான்!

“வீட்டுக் கதவு உள்ளதான தெறக்கும்? கீலத் தப்பா வச்சுட்டீகளோன்னு... சும்மா ஒரு உதவியா...”

“நல்ல உதவி! இது வீடுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அச்சங்குளத்துல எங்கம்மா பட்டாசு செய்யுற ரூமு இது. நாலு பக்கமும் கதவு, அம்புட்டும் வெளிய பாத்துத்தான் தெறக்கும். பொறி பட்டா கதவ இழுத்துக்கிட்டா நிப்பாக? தள்ளிக்கிட்டு ஓடணும்!” அவள் குரல் உடைந்தது. “நீங்க எங்கம்மாவ உள்ள வச்சுப் பூட்டிட்டீக...”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மடையா!

ஐந்து மணிக்குள் சிற்பம் விருதுநகர்ச் சிற்பக் கண்காட்சிக்குப் போயாக வேண்டும். இந்தத் தடவையும் தேர்வாகாவிட்டால் திங்கட்கிழமை முதல் பட்டாசு வேலைக்கே வந்துவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மணி இப்போதே இரண்டு.

“நான் மாத்தித் தாரேங்க.”

“நீங்க ஒண்ணும் தொட வேணாம். அந்தக் கண்ணாடியக் குடுங்க.”

அவளே உட்கார்ந்து பற்றவைக்க ஆரம்பித்தாள். அழகாகத்தான் செய்தாள், ராட்சசி! ஆனால் ஒற்றை ஆளாக எப்போது முடிப்பது? அவன் கெஞ்சவில்லை. எதிரே உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டான். தேடி வந்த இரண்டு ஆர்டரையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினான். மூன்றாவது கதவில் தகரம் விரலைக் கீறியது.

“ரத்தம் வருது... கையக் காட்டுங்க.”

“எட்டாவது முடியட்டும்.”

சரியான பிடிவாதக்காரன்... என்னை மாதிரியே! வந்த சிரிப்பை அவள் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் விருதுநகரில் இறக்கினார்கள். கண்காட்சிக்குத் தேர்வு செய்யும் பெண்மணி ஒரு கதவை வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தார்... திறக்கவில்லை. ஏனென்று வீரலட்சுமி சொன்னாள், குரல் நடுங்காமல். அந்தப் பெண்மணி உள்ளே கையை விட்டு, எட்டுக் கதவையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிப் பார்த்தார்.

“வாசல்லயே வைங்க. வர்றவுக மொதல்ல இதப் பாக்கட்டும்.”

வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை போக வேண்டாம்! அவன் தள்ளியே நின்றான்.

“ஏங்க... கோவம் போயிருச்சா?”

“இல்ல.”

“அப்ப நான் கெளம்பட்டா?”

“கெளம்புனீகன்னா இன்னும் கூடும்.”

அவன் மூச்சை இழுத்துவிட்டான். “எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. நீங்க திட்டும்போதே பிடிச்சுப் போச்சு...”

“எனக்கும்...” கண்ணைத் துடைத்தாள். “ஆனா கோவமும் இருக்கு, ஆசையும் இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் தருவேன். வாங்கிக்கிடுவீகளா?”

“குடுங்க... அம்புட்டையும் குடுங்க!”