இரு முறை இமைத்தால் போதும்

செங்குழியில் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகுதான் கண் பிடுங்குவார்கள். முன்பெல்லாம் சிற்றுண்டிக்கு முன்பே முடித்துவிடுவது வழக்கம். பார்த்த பிறகு பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தாய்மார்கள் குறைப்பட்டதால் நேரத்தை மாற்றினார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கிழக்கு மூலையில் அதற்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதன் தலைமாட்டில் பொருத்தியிருந்த எந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் விழியகற்றி. ஊரார் அதைப் பிடுங்கி என்றார்கள்.

சுவர் நெறியாளர் அஞ்சுகம் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அந்த மூலைக்கு நடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவள் தம்பி குமணன்.

செவ்வாயின் தூசு முதல் தலைமுறையின் கண்களைத் தின்றுவிட்டது. அதன் பிறகு செங்குழியில் பிறந்த எல்லோருக்கும் ஐந்து வயதில் பதிவிழி பொருத்தினார்கள். பதிவிழி பார்க்கும், பார்த்ததைப் படமாக்கும், நினைத்த மாத்திரத்தில் அதைப் பொதுச்சுவருக்கு அனுப்பும். பொதுச்சுவர் என்பது எங்கும் எழுப்பப்பட்ட சுவர் அல்ல. கண்ணை மூடினால் ஒவ்வொருவர் இமைக்குள்ளும் தெரிவது. சுரங்கமும் குகையும் தவிர வேறொன்றுமில்லாத ஊரில், அடுத்தவர் என்ன சாப்பிட்டார், யாரோடு சிரித்தார் என்பதை அதில் பார்த்தபடிதான் எல்லோரும் தூங்கப் போனார்கள்.

அந்தச் சுவரில்தான் முகக் கலகமும் தொடங்கியது. யாரோ யாருடைய முகத்தையோ கேட்காமல் எடுத்து, வேறொரு உடம்போடு ஒட்டிப் போட்டார்கள். மறுநாள் சந்தைத் தெருவில் ஒருவரின் மண்டை பிளந்தது. அந்த வாரம் முடிவதற்குள் எந்தப் படத்துக்காக எந்த வீட்டை எரிக்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. அஞ்சுகத்தின் அம்மாவைக் கடப்பாறையால் அடித்துக் கொன்றவர்கள், ஆள் தவறிவிட்டது என்று பிறகு சொல்லி வருந்தினார்கள். அப்போது பத்து வயதுகூட ஆகாத அஞ்சுகம் படுக்கைப் பலகைக்கு அடியில் படுத்து, தம்பியின் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் பற்கள் பதிந்த தழும்பு இன்னும் அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

கலகம் ஓய்ந்ததும் விதிகள் வந்தன. படத்தைச் சுவரில் போடும் முன் அதில் விழும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது, ஏனென்றால் சொன்னேன், சொல்லவில்லை என்று அடிதடி வந்தது. கேட்கப்பட்டவர் அடுத்தடுத்து இரு முறை இமைத்தால் அதைப் பதிவிழி சம்மதமாகக் குறித்துக்கொள்ளும். கேட்டவர் காதிலும் இமைத்தவர் காதிலும் மெல்லிய மணி ஒன்று ஒலிக்கும். எடுத்த படத்தை வெட்டவோ மறைக்கவோ திருத்தவோ கூடாது. படம் எடுப்பவரின் பார்வைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. போட்ட பிறகு நன்றி சொல்ல வேண்டும். மீறியவருக்குக் கண்ணைப் பிடுங்கி ஓராண்டு இருட்டு. அஞ்சுகம் வளர்ந்து நெறியாளர் ஆனபோது இந்த விதிகளைக் கூர்மையாக்கினாள். அவள் காலத்தில் படத்துக்காக ஒரு கொலைகூட நடக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

குமணன் செய்த குற்றம் சிறியது. நண்பன் ஒருவன் தோசையைச் சுழற்றிப் போடுவதைப் படமெடுத்துச் சுவரில் போட்டான். நண்பனிடம் கேட்டிருந்தான். பின்னால் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்தை அவன் கவனிக்கவில்லை. சரக்குக் கிட்டங்கிக் கணக்கரான ஏகாம்பரம் எல்லோரிடமும் பணிவாகப் பேசுபவர். படத்தில் அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். வாய்க்குள் பாதி மென்ற தோசை இருந்தது. அவ்வளவுதான்.

ஏகாம்பரம் சத்தம் போடவில்லை. அஞ்சுகத்தின் அறைக்கு வந்து, தம்பி என்பதற்காக நீங்கள் சங்கடப்படக் கூடாது, முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அந்தப் பணிவுக்கு எதிராக அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தம்பிக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி என்று ஆனால் நாளையே சந்தைத் தெருவில் கடப்பாறைகள் வெளியே வரும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

நாற்காலியில் குமணன் அவளைப் பார்த்தான். கெஞ்சவில்லை.

"அக்கா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றான்.

அவள் திரும்பிக்கொள்ளவில்லை. நெறியாளர் திரும்பிக்கொள்வது முறையல்ல. பிடுங்கியின் இரண்டு விரல்கள் இறங்கின. பதிவிழியின் நரம்பு மூளை வரைக்கும் போகிறது. அதை மரக்கச் செய்தால் மூளையும் சேர்ந்து மரத்துவிடும் என்பதால் மயக்க மருந்து கொடுப்பதில்லை. முதல் கண் வந்தபோது குமணன் கத்தினான். இரண்டாவது வந்தபோது அவனிடம் சத்தமே மிச்சமில்லை. அந்தக் கண்கள் தட்டில் கிடந்து கொஞ்ச நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அணைந்தன.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. தாது பிரிக்கும் கொட்டகையில் கையால் தடவிக் கல் பொறுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். சோறு கொண்டுபோவாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். இருவருக்கும் நடுவே கல் விழும் சத்தம் மட்டும் இருக்கும்.

கூதிர்காலத்து நடுப்பகல் ஒன்றில் அது நடந்தது. அஞ்சுகம் சோற்றுத் தூக்கோடு தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தாள். மேட்டிலிருந்து இறங்கிய தாதுவண்டித் தொடரில் ஒரு கொக்கி அறுந்தது. கடைசி வண்டி தடம் புரண்டு, பக்கவாட்டில் சாய்ந்து, அவள் இடது காலின் மேல் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே முதலில் வேறு எங்கோ கேட்டதுபோல் இருந்தது. வண்டியின் விளிம்பு தொடைச் சதையில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தம் செந்தூசில் குழைந்து கறுத்துக்கொண்டே வந்தது.

சந்தைத் தெரு முழுவதும் ஓடி வந்தது. செவ்வாயில் எடை பூமியில் இருப்பதில் பாதிகூட இல்லை. நான்கு பேர் கை கொடுத்திருந்தால் வண்டியைத் தூக்கிவிடலாம். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் மறைக்காதபடி அழகான வட்டமாக நின்றார்கள். உயரமானவர்கள் பின்னால் போனார்கள். குள்ளமானவர்களுக்கு முன்னால் இடம் விட்டார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. விதி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை அஞ்சுகம் அன்றுதான் முழுதாகப் பார்த்தாள்.

ஏகாம்பரம் முன்வந்து குனிந்தார்.

"அம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"தூக்குங்க," என்றாள்.

"மீட்புக்குழுவுக்குச் சொல்லியாச்சு, வந்துடுவாங்கம்மா. நீங்க சும்மா இமைச்சாப் போதும்."

அவள் இமைக்கக் கூடாது என்று நினைத்தாள். கவிழ்ந்த வண்டியிலிருந்து தாதுத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அது கண்ணில் விழுந்தது. இமைகள் தாமாகவே இரு முறை அடித்துக்கொண்டன. காதுக்குள் மணி ஒலித்தது. அடுத்தவர் கேட்டார். மறுபடி தூசு, மறுபடி மணி. வரிசை குலையாமல், ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருந்து, எல்லோரும் கேட்டார்கள். அவள் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். நெறியாளர் இந்த நிலைமையிலும் எல்லோருக்கும் பொறுமையாகச் சம்மதம் தருகிறாரே என்று யாரோ ஒரு பெண் நெகிழ்ந்து சொன்னது அவள் காதில் விழுந்தது.

அப்போது வட்டத்தின் ஒரு பக்கம் கலைந்தது. குமணன் ஒரு கையால் காற்றைத் தடவிக்கொண்டு, மறுகையில் கொட்டகைக் கடப்பாறையோடு வந்தான். அவள் திட்டிய குரலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"எத்தனை பேர் நிக்கறீங்க?" என்றான். "மூச்சு விடற சத்தம் கேக்குது. யாரும் கை வைக்கலையா?"

"தள்ளிப் போ தம்பி, மறைக்குது," என்றது ஒரு குரல். ஒரு கை அவன் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தப் பார்த்தது. குமணன் கடப்பாறையை அந்தக் குரல் வந்த திசையில் வீசினான். தாடை உடையும் சத்தம் கேட்டது. பற்கள் தூசில் விழுந்தன. இன்னொருவன் அவன் கழுத்தைப் பிடித்தான். குமணன் அவன் முழங்காலை உடைத்தான். பிறகு தடவித் தடவி வண்டியின் விளிம்பைக் கண்டுபிடித்து, கடப்பாறையைச் செருகி, தன் உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டு நெம்பினான். வண்டி ஒரு சாண் எழும்பியது. அஞ்சுகம் கைகளால் தவழ்ந்து வெளியே வந்தாள். காலின் பாதி அங்கேயே இருந்தது.

மருத்துவக் கூடத்தில் கண் விழித்தபோது, ஊர் கொதித்துக்கொண்டிருப்பதாகச் செவிலி சொன்னாள். அஞ்சுகம் உயிர் பிழைத்ததைப் பற்றி அல்ல. யாராலும் ஒரு படத்தைக்கூடச் சுவரில் போட முடியவில்லை. நல்ல படம் எல்லாவற்றிலும் குமணன் இருந்தான். அவன் சம்மதிக்கவில்லை, சம்மதிக்க வழியும் இல்லை, இமைப்பைக் குறிக்க அவனிடம் விழி இல்லை. அவனை வெட்டிவிட்டுப் போடலாம் என்றால் திருத்துவது பெருங்குற்றம். அவன் வருவதற்கு முந்தைய படங்களில் சுவாரசியம் இல்லையாம். வெறுமனே ஒரு பெண் படுத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்றார்களாம்.

முதல் நாள் கொட்டகை மேல் கல் விழுந்தது. இரண்டாம் நாள் குமணனை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்புகள் உடைந்தன. இறந்துவிட்டால் அவன் ஒருபோதும் சம்மதம் தர முடியாது என்று யாரோ நினைவூட்டியதால் அன்று விட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் ஊர்மன்றம் கருணையோடு ஒரு முடிவெடுத்தது. அக்காவின் உயிரைக் காத்தவன் என்பதால் குமணனின் தண்டனையைக் குறைத்து, கண்களை உடனே திருப்பித் தருவது. அஞ்சுகத்தின் ஒப்புதல்தான் பாக்கி. அவள் அதைப் பலமுறை யோசித்தாள். மறுத்தால், அடுத்த முறை மிதிக்கும்போது அதை நினைவூட்ட யாரும் இருக்க மாட்டார்கள். ஒப்புதல் தந்தாள். சக்கர நாற்காலியில் தம்பியின் படுக்கைக்குப் போனாள்.

"கண்ணு வருதுல்ல," என்றாள். "அதை மட்டும் நினை."

அவன் அவள் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, அந்தப் பழைய தழும்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"எதுக்குத் தர்றாங்கன்னு தெரியும்ல, அக்கா?"

"தெரியும். இமைச்சுத் தொலைச்சிடுடா. எனக்கு நீ வேணும்."

மறுநாள் சிற்றுண்டிக்குப் பிறகு சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. அதே நாற்காலி. அதே விரல்கள் இந்த முறை கண்களை உள்ளே வைத்து நரம்பை முடிந்தன. குமணன் இமைகளைத் திறந்தான். எதிரே நின்ற ஊரைப் பார்த்தான். உடைந்த தாடையோடு நின்றவனைப் பார்த்தான். எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள், படங்களைப் போடலாமா என்று.

அவன் இமைக்கவில்லை.

கண்களில் நீர் ஊறிக் கன்னத்தில் வழிந்தது. இரண்டு கைகளாலும் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டான். அஞ்சுகம் முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். அவன் தோற்கக் கூடாது என்று தான் விரும்புவதை உணர்ந்து அவளுக்கே பயமாக இருந்தது.

நான்கு பேர் அவன் கைகளைப் பிடித்து விலக்கினார்கள். வண்டியைத் தூக்கியிருக்கப் போதுமான அதே நான்கு பேர். ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி செந்தூசை எடுத்தார்.

"மன்னிக்கணும் தம்பி," என்று சொல்லிவிட்டு அதை அவன் முகத்தில் ஊதினார்.

இமைகள் இரு முறை அடித்துக்கொண்டன. கூடத்தில் இருந்த எல்லோர் காதிலும் மணி ஒலித்தது. எல்லோரும் கண்களை மூடிக்கொண்டார்கள், படங்களை ஏற்றுவதற்கு. பிறகு விதிப்படி, மாற்றி மாற்றி, எல்லோரும் குமணனிடம் நன்றி சொன்னார்கள். சிலர் கை குவித்தார்கள். அவன் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து இருமி ரத்தம் துப்பினான்.

இந்த ஊரையே சபிக்கும் ஒரு வார்த்தை அஞ்சுகத்திடம் தயாராக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவளும் ஒரு கணம் கண்ணை மூடினாள்.

சுவர் முழுவதும் அவள்தான். எல்லோரும் அதிகம் விரும்பிய படம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. கடப்பாறையின் மேல் கவிழ்ந்து கிடக்கும் குமணன், வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வரும் அவள், கறுத்த ரத்தம். அலறிக்கொண்டிருந்ததில் அவள் வாய் அகலமாகத் திறந்திருந்தது. கடைவாய்ப் பற்கள்வரை தெரிந்தன.

தொண்டைவரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. வாய் மூடியிருக்கும் படம் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை என்று நினைத்தபடி, அஞ்சுகம் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.