அபாயம் பூஜ்யம்

"இடப்பக்கம் திரும்பாதீர்கள். அபாய எண் எண்பத்தொன்று" என்று காவற்செவி சொன்னபோது, இடப்பக்கச் சந்தில் ஒருவனை நாலு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் இரும்புக் குழாயால் அவன் முழங்காலில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் தெருமுனைவரை கேட்டது. சென்னியப்பன் மனைவியின் கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தார்.

"பாக்காத புள்ள. நட."

"ஏனுங்க, அந்தாளு பாவமுங்க..."

"நடங்கறேன்ல!"

தெல்வாரா நாட்டில் அன்று காலை பத்து மணிக்குத் தேர்தல் முடிவு வந்தது. பதினொரு மணிக்குக் கடைகள் எரிந்தன. வாக்குகளைத் திருடியது வெளிநாட்டுக்காரர்கள்தான் என்று பன்னிரண்டு மணிக்கு எவனோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், காலையில் தேநீர் கொடுத்து வணக்கம் சொன்ன ஊர், மத்தியானம் கோடாலி எடுத்துக்கொண்டது.

பல்லடம் பக்கத்து நூல் மில் ஒன்றில் பாதுகாப்பு அலுவலர் சென்னியப்பன். இயந்திரக் கண்காட்சிக்காக வந்தவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது விமானம் ஏற்றினீர்களா என்ற வசவுக்குப் பயந்து மனைவி தாமரைச்செல்வியையும் கூட்டி வந்திருந்தார். இப்போது அவளை உயிரோடு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று இருந்தது.

நல்லவேளை, காவற்செவி இருந்தது. காதுக்குள் ஒட்டிக்கொள்ளும் நீல மணி. தெருக் கேமராக்கள், அந்த ஊரில் உள்ள மற்ற காவற்செவிகள் எல்லாவற்றிலிருந்தும் செய்தி திரட்டி, அங்கே அப்போது இருப்பதை மட்டும் வைத்து, போட்டிருப்பவருக்கு எந்த இடத்தில் எவ்வளவு அடிபட வாய்ப்பு என்று நூற்றுக்கு இத்தனை என எண் சொல்லும். அவரவர் தாய்மொழியில் சொல்லும். பிறர் பேச்சையும் மொழிபெயர்க்கும். ஆறு வருஷமாக உலகத்தில் அது இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புகிற ஆளே கிடையாது.

அது சொன்ன வழியே நடந்து, ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏற்கெனவே பதினோரு வெளிநாட்டவர் அங்கே பதுங்கியிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி.

"அபாய எண் பதினான்கு" என்றது செவி.

வேறு யாராக இருந்தாலும் பதினான்கே போதும் என்று சுவரோரம் சரிந்திருப்பார்கள். சென்னியப்பனால் முடியவில்லை. அவர் மில்லின் வாசலில், விபத்தில்லாத நாட்களை எழுதும் பலகை ஒன்று உண்டு. அந்த எண்ணை ஏற்றுவதும் ஆபத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குவதும்தான் அவர் பிழைப்பு. என்ன காரணம் என்று செவியிடம் கேட்டார். கூர்மையான பொருட்கள் முப்பத்திரண்டு, துப்பாக்கி ஒன்று என்றது.

உடனே கத்தி, அரிவாள்மணை, இறைச்சி வெட்டும் கோடாலி எல்லாவற்றையும் அள்ளி மதிலுக்கு வெளியே வீசினார். மற்றவர்களும் கூடமாட வந்து உதவினார்கள். எண் ஐந்துக்கு இறங்கியது. பிறகு காவலாளியிடம் போய், நீங்கள் கிளம்பலாம் என்றார்.

தாமரைச்செல்வி ஓடிவந்தாள். "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? காவலுக்கு நிக்கறவன எதுக்குங்க முடுக்கறீங்க?"

"துப்பாக்கி இருக்கற எடத்துலதான் புள்ள குண்டு பாயும். சும்மா இரு, எனக்குத் தெரியும்."

காவலாளிக்கும் வீட்டு நினைப்புதான். விட்டால் போதும் என்று ஓடிவிட்டான்.

"அபாய எண் பூஜ்யம்" என்றது செவி. பதின்மூன்று காதுகளிலும் ஒரே சமயத்தில் அது கேட்டது. ஒரு வயதானவர் சென்னியப்பனின் கையைப் பிடித்து முத்தமிட்டார். தாமரைச்செல்விகூட, "என்னமோ போங்க" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தாள். பெருமையில் சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு உடைந்து விழுந்தது.

இருபது பேர் இருப்பார்கள். கோடாலி, குழாய், சங்கிலி. முன்னால் நின்றவன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னது, சென்னியப்பனின் சொந்தச் செவிதான்.

"செவி சொன்னது சரிதான் தோழர்களே. ஊரிலேயே இங்கேதான் நமக்கு ஒரு கீறல்கூட விழாது!"

அப்போதுதான் அவர் பார்த்தார். அத்தனை பேர் காதிலும் அதே நீல மணி. காவற்செவி ஆளைப் பார்த்து எண் சொல்வதில்லை. அடிக்க வந்தவனுக்கும் அடிபடாத இடத்தைத்தான் அது காட்டும். அப்படி ஓர் இடத்தைத் துடைத்துத் துப்புரவாக்கி வைத்தது யார்? அட பாவி மனுஷா, நீதானே!

கையை முத்தமிட்ட பெரியவர் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோடாலி அவர் தோளில் இறங்கி மார்புவரை பிளந்தது. இரத்தம் பாத்திரங்களில் தெறித்தது. பெண்கள் அலறினார்கள். ஒருவன் தாமரைச்செல்வியின் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை அடுப்பு மேடையில் மோதினான்.

"ஏனுங்க!"

சுவரில் சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டர் தொங்கியது. பாதுகாப்புச் சாதனமாயிற்றே என்று அதை மட்டும் சென்னியப்பன் வீசாமல் விட்டிருந்தார். பிடுங்கினார். அவளை இழுத்தவனின் பின்மண்டையில் இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினார். அவன் விழுந்தான். மறுபடி அடித்தார். கோடாலிக்காரன் திரும்புவதற்குள் அவன் வாயில் அடித்தார். பற்கள் உதிர்ந்தன. என்ன கத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"இருபது" என்றது செவி. "நாற்பத்தைந்து. எழுபது."

வந்தவர்கள் கை காதுக்குப் போனது. அவர்களுக்கும் அதே எண்தான் கேட்டிருக்கும். ஒருவன் பின்வாங்கினான். இன்னொருவன் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினான். கோடாலிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு தவழ்ந்தே வெளியேறினான். கூட்டம் வந்த வேகத்திலேயே கலைந்தது.

சென்னியப்பன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்தவன் செத்து நேரமாகியிருந்தது.

கை ஓய்ந்து நிமிர்ந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. அவர் காப்பாற்றிய ஆட்கள் காதைப் பொத்தியபடி ஒருவர் பின் ஒருவராக வெளியே நழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறீங்க? அவனுகதான் ஓடீட்டானுகளே!"

யாரும் நிற்கவில்லை. கதவோரம் தாமரைச்செல்வி மட்டும் இருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. அவர் ஓரடி வைத்தார். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"கிட்ட வராதீங்க."

"நாந்தான் புள்ள."

"தெரியுதுங்க." அவள் அழுதாள். "உங்க பக்கத்துல நிக்காதேங்குதுங்க இது. தொண்ணூறுங்குது."

"அந்தக் கருமத்தக் கழட்டி எறி!" என்று சிலிண்டரோடு கத்தினார்.

அவள் கை காதுக்குப் போனது. மணியைத் தொட்டது. எடுத்துவிடுவாள் என்றுதான் அவர் நம்பினார். அவள் அதை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

சென்னியப்பன் சிலிண்டரைக் கீழே போட்டார். பிணத்தையும் தன் கைகளையும் பார்த்தார்.

"கொலைகாரர் ஒருவர் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறார்" என்றது அவர் செவி. "உடனே விலகுங்கள்."

வெளியே வந்தார். வெயில் காய்ந்த மைதானத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. ஐம்பது அடி நடந்தார்.

"இன்னும் அருகிலேயே இருக்கிறார். வேகமாக."

சென்னியப்பன் ஓடினார்.