அத்தாவின் ஆறு கிலோ

உஸ்மான் கனி எட்டு வாரத்துக்குள் ஆறு கிலோ எடை குறைக்க வேண்டும். குறைத்தால்தான் தன் அக்காவுக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முடியும்.

அக்கா ஷரீஃபுன்னிசாவின் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. கண்கள் மஞ்சளாகி, கால்கள் வீங்கியிருந்தன. தம்பியின் ரத்தம் பொருந்தியது. மற்ற சோதனைகளிலும் எல்லாம் பொருந்தியது. ஆனால் தம்பியின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது.

"கொழுப்பு கரையட்டும், அப்புறம்தான் ஆபரேஷன். கொஞ்சம் வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருக்கிறது திரும்ப வளர்ந்துடும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

உஸ்மான் கனியின் மகள் ரூஹி, பூந்தமல்லியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஷரீஃபுன்னிசா அவளுக்கு மாமி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் டிரைவர். பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஓட்டியதில் அவருடைய தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறும் இரண்டு கப் காயும், சாயங்காலம் ஒரு முட்டை, இரவு இரண்டு சப்பாத்தி. தினமும் முக்கால் மணி நேரம் நடை. தாளின் அடியில் உணவு ஆலோசகர் ஜெயப்பிரியாவின் போன் நம்பர் இருந்தது. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.

அத்தாவோடு பஸ்ஸில் வரும் கண்டக்டர் தங்கவேல், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அத்தாவுக்குக் கட்டிவிட்டார். எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு கலோரி எரித்தோம் என்று காட்டும் வாட்ச் அது.

"நானூறு கலோரி எரிச்சா, அந்த நானூற திரும்பத் துன்னுக்கலாம் அண்ணே. கணக்கு நேராப்பூடும்" என்றார் தங்கவேல்.

அத்தாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையில் நடப்பார், வாட்சைப் பார்ப்பார், நேராக டீக்கடைக்குப் போய் மசால்வடை வாங்குவார். இரவில் மறுபடி வாட்சைப் பார்ப்பார். எண் இன்னும் ஏறியிருக்கும். அதற்கு ஒரு பரோட்டா.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தார்கள். இருநூறு கிராம் கூடியிருந்தது.

ரூஹி யோசித்துக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் நடப்பவருக்கு ராத்திரிக்குள் எப்படி இத்தனை ஆயிரம் அடி சேர்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அத்தா குளிக்கப் போனபோது வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள். நடுநடுவே கியரும் போட்டாள்.

அத்தா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "இன்னாடா பண்ற?"

"பிராட்வே வரைக்கும் பஸ் ஓட்டிட்டேன் அத்தா. எழுந்திருக்கவே இல்ல. ஆனா அறுநூறு அடி நடந்தேன்னு சொல்லுது பாரு."

அத்தா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வாட்சை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்போ நான் நடக்காத நடைக்கெல்லாம் வடை துன்னுகினு இருந்தேனா?"

அன்றே வாட்ச் தங்கவேலிடம் திரும்பிப் போனது. வடை நின்றது, பரோட்டா நின்றது. ஆனால் அத்தா அதோடு நிற்கவில்லை. முக்கால் மணி நேர நடை இரண்டு மணி நேரமானது. மூன்று இட்லி ஒன்றானது. சாயங்கால முட்டை போயிற்று. இரவுக்கு மோர் மட்டும்.

"ஒடம்புலேர்ந்து போனது போனதுதான். ஒண்ணும் திரும்ப உள்ள போவக் கூடாது" என்றார்.

பத்து நாளில் மூன்று கிலோ குறைந்தது. சட்டை தளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அம்மா மட்டும் தட்டில் மீந்துபோவதைப் பார்த்துக் கவலைப்பட்டாள். கேட்டால், "டிப்போ கேன்டீன்ல சாப்ட்டேன்" என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை ரூஹியும் அவரோடு நடக்கப் போனாள். டிரங்க் ரோட்டில் திரும்பி வரும்போது அத்தா பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"அத்தா!"

"ஒண்ணுமில்ல. கண்ணு இருட்டுது. இரு."

ரூஹி எதிர்க் கடைக்கு ஓடினாள். சர்க்கரை கூடப் போட்டு ஒரு டீ வாங்கி வந்தாள். அத்தா இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது.

"முன்னாடியும் இப்படி ஆச்சா?"

"ரெண்டு தபா."

"ஏன் அத்தா சாப்பிட மாட்டேங்கற?"

அத்தா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய்ல சோறு வைக்கும்போதெல்லாம், அக்காகிட்டேர்ந்து எதையோ புடுங்கித் துன்ற மாதிரி கீதுடா" என்றார். "அம்மாகிட்ட சொல்லாத. மாமிக்குத் தெரியவே கூடாது."

வாட்ச் பொய் சொல்கிறது என்று காட்டிக்கொடுத்தது ரூஹிதான். அதனால்தான் அத்தா இப்படி ஆகிவிட்டாரோ?

வீட்டுக்கு வந்து அத்தா படுத்துக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு டியூட்டி. ரூஹிக்கு அந்த பஸ் நன்றாகத் தெரியும். இன்ஜின் பக்கத்தில் கைக்குழந்தையோடு அம்மாக்கள் நிற்பார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் படியருகே நிற்பார்கள். ஓட்டும்போது அத்தாவுக்குக் கண் இருட்டினால்?

அவள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளை இன்னொரு முறை கடைசி வரி வரைக்கும் படித்தாள். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரூஹி அம்மாவின் போனை எடுத்தாள்.

"ஜெயப்பிரியா மேடமா? நான் உஸ்மான் கனியோட பொண்ணு பேசறேன். எங்க அத்தா நடக்கறதுக்கெல்லாம் திரும்பச் சாப்பிடணுமா, கூடாதா?"

மேடம் திருப்பிக் கேட்டார். "முதல்ல நீ சொல்லு. அத்தா எவ்வளவு சாப்பிடறார், எவ்வளவு நடக்கறார்?"

ரூஹி எதையும் மறைக்காமல் சொன்னாள். மேடம் நிதானமாக விளக்கினார். ரூஹி தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அவள் உள்ளே போனபோது அத்தா காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தா, ஆஸ்பத்திரி மேடம்கிட்ட பேசினேன்."

அத்தாவின் முகம் மாறியது. "சொல்லாதன்னு சொன்னேன் இல்ல?"

"அம்மாகிட்டயும் மாமிகிட்டயும்தான் சொல்லாதன்னு சொன்ன. மேடம்கிட்ட சொல்லாதன்னு சொல்லல."

அத்தா அடுத்த பொத்தானைப் போட்டார்.

ரூஹி தாளைப் பார்த்துப் படித்தாள். "இதுல இருக்கற சாப்பாடே குறைச்சுப் போட்டதுதானாம். முக்கால் மணி நேர நடையையும் சேர்த்துத்தான் போட்டிருக்காங்களாம். அதனால அந்த நடைக்குன்னு தனியா எதுவும் சாப்பிட வேணாமாம். ஆனா தாள்ல இருக்கறதைக் குறைக்கவும் கூடாதாம். என்னிக்காவது ரொம்ப நடந்தா ஒரு கைப்பிடி சுண்டல் போதுமாம். இப்படிப் பட்டினி கிடந்தா ரத்தம் குறைஞ்சு, உன்னால கொடுக்கவே முடியாதுன்னு சொல்லிடுவாங்களாம். திங்கக்கிழமையே உன்னை வரச் சொன்னாங்க."

அத்தா தாளை வாங்கிப் பார்த்தார்.

"அத்தா, பஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கெல்லாம் உனக்கு மயக்கம் வரும்னு தெரியாதில்ல?"

அத்தா கட்டிலில் உட்கார்ந்தார். போட்ட பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். டிப்போவுக்குப் போன் செய்து, "ஒடம்பு சரியில்ல சார், இன்னிக்கு வண்டி எடுக்க முடியாது" என்றார். அப்புறம் மாடிப்படிப் பக்கம் பார்த்து, "அம்மாவைக் கூப்புடு. நானே சொல்றேன்" என்றார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. சோற்றைக் கப்பில் அளந்து, தட்டில் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒருமுறை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் குறைந்திருந்தது, சரிசெய்துவிடலாம் என்றார்கள். தலைசுற்றல் முழுசாக நிற்கும்வரை பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

அதன்பின் தாளில் இருந்தது இருந்தபடியே நடந்தது. வீட்டில் ஒரே ஒரு தகராறுதான் வந்தது.

"ஒரு கைப்பிடின்னாங்களே, யார் கைப்பிடி?" என்றார் அத்தா, சுண்டல் பாத்திரத்துக்குள் கையை விட்டபடி.

"என் கைப்பிடி" என்று ரூஹி பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள்.

எடை இப்போது மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு வாரம் ஒரு கிலோ. அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. அந்த வாரம் அத்தா இட்லியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூஹி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார்.

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் எடை மேடையில் ஏறினார். ஐந்தரைக் கிலோ குறைந்திருந்தது. இன்னும் அரைக் கிலோ பாக்கி.

அத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். உள்ளே ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை ரூஹி நாற்காலியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அரைக் கிலோவை விடுங்க. கல்லீரல்ல கொழுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. ரத்தமும் சரியா இருக்கு. தேதி குறிச்சிடலாம்."

அத்தா ரூஹியின் தலையில் கை வைத்தார். அந்தக் கை நடுங்கவில்லை.

ஆபரேஷன் பகல் முழுவதும் நடந்தது. அத்தா ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மாமி அவர்கள் வீட்டுக்கு வந்து சேர நான்கு வாரம் ஆயிற்று. ரூஹி முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்பால் இரண்டு தடவை கை கழுவிவிட்டு, மாமி இருந்த அறைக்குள் போனாள். கண்ணின் மஞ்சள் போயிருந்தது. அம்மா கஞ்சி வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நோய் வந்த இத்தனை மாதமும் மாமிக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டும். ஒவ்வொரு வாயும் கெஞ்சிக் கெஞ்சித்தான் ஊட்டுவார்கள்.

மாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ரூஹி, எனக்குப் பசிக்குதும்மா" என்றார்.