எழுபத்தொன்றில் நிறுத்திய கணக்கு

லுபே 71-உடன் நிறுத்தியதுதான் தப்பாகப் போயிற்று.

வவாவு தீவில் பள்ளி விளையாட்டு விழாவன்று ஒவ்வொரு வகுப்பும் ஒரு கொடியோடு அணிவகுத்துப் போகும். "நம்ம கொடியில எண் போடலாம். யாராலயும் பிரிக்க முடியாத பகா எண்," என்றாள் லுபே. 10001-ஐக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

அது பகா எண்தானா என்று தெரிய, நூறுக்குள் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றிலும் மீதி வர வேண்டும். 71 வரை லுபே பொறுமையாகத்தான் வகுத்தாள். அதற்குள் படகுத்துறையில் கடலில் குதிக்கத் தோழிகள் கூப்பிட்டுவிட்டார்கள். இவ்வளவு நேரம் வகுபடாததா இனிமேல் வகுபடப் போகிறது என்று ஓடிவிட்டாள்.

"எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்துட்டியாம்மா?" என்று லவினியா டீச்சர் கேட்டார்.

"பாத்துட்டேன் டீச்சர்."

அதே வகுப்பில் படிக்கும் மாப்பாவின் அம்மா மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்கிக் கொடுத்தார். அதில் கறுப்புச் சாயத்தில் 10001 என்று எழுதினார்கள். சாயம் காய்ந்த பிறகு மாப்பா கையைத் தூக்கினான்.

"டீச்சர், இது எழுபத்து மூணால வகுபடுது போலிருக்கு."

வகுப்பே சிரித்தது.

"ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா கூரையப் பாப்ப. நீ லுபேக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா?" என்றான் சேமிசி.

மாப்பா தன் காகிதத்தைக் கசக்கிக் கைக்குள் பொத்திக்கொண்டான். டீச்சர் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தபோது, லுபே சத்தமில்லாமல் 73-ஆல் வகுத்துப் பார்த்தாள். 137 முறை போயிற்று. மீதி எதுவும் இல்லை.

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இடைவேளையில், "டேய் எழுபத்து மூணு, பந்த எடுத்துப் போடுடா," என்று மாப்பாவைச் சேமிசி கூப்பிட்டான். மாப்பா எடுத்துப் போட்டான். லுபே வாயருகே கொண்டுபோன வள்ளிக்கிழங்கைக் கீழே வைத்தாள். கணக்குத் தப்பானதைவிட, சரியாகச் சொன்னவன் கேலிப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்தது.

மணி அடித்ததும் கரும்பலகையில் 73 × 137 = 10001 என்று எழுதினாள்.

"மாப்பா சொன்னதுதான் சரி. நான் எழுபத்தொண்ணோட நிறுத்திட்டு கடல்ல குதிக்கப் போயிட்டேன். டீச்சர்கிட்ட பொய் சொன்னேன். அவன நீங்க கிண்டல் பண்ணப்பவும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"இப்பக் கொடிக்கு என்ன பண்றது? நாளைக்கு விழா. சாயம் போகாதே," என்றான் சேமிசி.

லுபே கொடியையே பார்த்தாள். "கடைசி ஒண்ணு தலையில ஒரு கோடு போட்டா ஏழாயிடும். 10007."

"அது மட்டும் பகா எண்ணா?"

"தெரியல. மாப்பா, எங்கூட உக்காந்து பாக்கறியா?"

மாப்பா கசங்கிய காகிதத்தை விரித்தான். "நான் மெதுவாத்தான் போடுவேன்."

"மெதுவாவே போடு."

அவள் வகுத்தாள், அவன் சரிபார்த்தான். 73-ஆல் லுபே இரண்டு தடவை வகுத்தாள். ஆறு மீதி வந்தது. கடைசியாக 97. அதிலும் பதினாறு மீதி.

டீச்சர் தூரிகையைச் சாயத்தில் தோய்த்து நீட்டினார். லுபே வாங்கி மாப்பாவிடம் கொடுத்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கோட்டை இழுத்தான்.

"கோணலா இருக்குடா," என்றான் சேமிசி.

"இருந்துட்டுப் போகட்டும். வகுபடாதுல்ல," என்றான் மாப்பா.